மோஸ்தரும் மரபும்

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது பழமொழி. அதைச் சொன்னவர் கணக்கில் கெட்டிக்காரராக இருந்திருக்க வேண்டும். மனிதனைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியைத் தாய் தந்தையரிடமும் மறுபாதியை ஜவுளிக்கடைக்காரரிடமும் ஒப்படைத்துவிட்டார். ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் அவர் விடை சொல்லவில்லை. இந்த இரண்டு பாதிகளில் எது எதை ஆள்கிறது? ஆள் ஆடையை ஆள்கிறானா, ஆடை ஆளை ஆள்கிறதா?

பெண்களின் உடையைப் பற்றி ஆண்கள் நிரம்ப எழுதியிருக்கிறார்கள். அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. தங்கள் உடையைப் பற்றி மட்டும் அவர்கள் அதிகம் பேசுவதில்லை. "ஆண்பிள்ளைக்கு என்ன, கையில் அகப்பட்டதை மாட்டிக்கொண்டு புறப்பட வேண்டியதுதானே!" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிடுவார்கள். அது உண்மையானால், ஜவுளிக்கடைகளில் ஆண்களுக்கென்று தனி மாடி எதற்கு? நிலைக்கண்ணாடிக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நிற்கும் இளைஞன் அங்கே யாரைத் தேடுகிறான்?

தீபாவளிக்கு முன்னால் எந்தக் கடையிலும் இப்படி ஓர் உரையாடலைக் கேட்கலாம்.

"இது என்னடா இது, முழங்காலிலே கிழிந்திருக்கிறதே? வேறே எடுக்கச் சொல்லு."

"கிழிசல் இல்லை அப்பா. இப்போ இப்படித்தான் வருகிறது."

"கிழிந்த துணிக்கா இந்த விலை? நம் வீட்டில் கரித்துணி கூட இதைவிட நன்றாக இருக்குமே!"

"அலமாரியில் உங்கள் கல்லூரிப் படம் ஒன்று இருக்கிறதே அப்பா! தரையைப் பெருக்குகிற மாதிரி ஒரு பெல்பாட்டம், காதை மறைக்கிற கிருதா... அதற்குத் தாத்தா என்ன சொன்னார்?"

தந்தை பதில் சொல்வதில்லை. தாத்தா என்ன சொன்னார் என்பது அவருக்கு நன்றாக நினைவிருக்கும்!

இந்த வழக்கில் இரு தரப்பும் தங்களிடம்தான் நியாயம் இருப்பதாக நம்புகின்றன. பெரியவர்கள், "என்றும் மாறாத நல்ல உடை என்று ஒன்று உண்டு, அதை விட்டு ஓடுகிறவன் வேரில்லாதவன்" என்கிறார்கள். இளைஞர்கள், "காலத்தோடு நடக்காதவன் பிணத்துக்குச் சமானம்" என்கிறார்கள். இரண்டையும் கொஞ்சம் பொறுமையாக நிறுத்துப் பார்க்க வேண்டும்.

முதலில், 'என்றும் மாறாதது' என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் இரண்டாம் சார்லஸ் என்று ஓர் அரசர் இருந்தார். 1666-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அவர் தம்முடைய ஆலோசனைச் சபையில் ஓர் அறிவிப்புச் செய்தார். ஆண்களுக்கென்று ஒரு புதிய உடையை ஏற்படுத்தப் போவதாகவும், அதைத் தாம் இனி ஒருபோதும் மாற்றப் போவதில்லை என்றும் சொன்னார். சாமுவேல் பீப்ஸ் என்பவர் தம் நாட்குறிப்பில் இதை எழுதி வைத்திருக்கிறார். லண்டன் நகரம் பெருந்தீயில் வெந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஊதாரித்தனத்தைக் குறைத்து, பிரெஞ்சு நாட்டு மோஸ்தருக்கு அடிமையாக இருப்பதையும் ஒழித்துவிட வேண்டும் என்ற நல்ல எண்ணம் அந்த ஏற்பாட்டில் இருந்தது. கீழைநாட்டு அங்கியின் சாயலில் அமைந்த அந்த நீண்ட உள்சட்டையை அரசர் அதே மாதம் அணிந்தும் காட்டினார், அரசவையும் அணிந்துகொண்டது. ஆனால் சில ஆண்டுகளுக்குள் அதன் நீளம் மாறியது, வடிவம் மாறியது, பிரெஞ்சு மோஸ்தரும் திரும்பி வந்தது. கோட்டுக்குள் அணியும் 'வெயிஸ்ட்கோட்' என்ற உள்சட்டையாக மட்டும் அது மிஞ்சியது. ஒருபோதும் மாறாது என்று ஓர் அரசரே ஆணையிட்டும் மாறாமல் இருக்க அதற்குத் தெரியவில்லை!

அந்த நாட்டிலேயே இன்னொரு கதையும் உண்டு. ஜார்ஜ் பிரம்மெல் என்பவர் 1778-இல் பிறந்தவர். அரசரும் இல்லை, பெரிய பிரபுவும் இல்லை. பட்டும் சரிகையும் பொய்மயிரும் வாசனைப் பொடியுமாக ஆண்கள் திரிந்த காலம் முடிந்துகொண்டிருந்தபோது, அவர் கறுப்பும் நீலமும் போன்ற அடக்கமான நிறங்களில், உடம்புக்குச் சரியாக வெட்டித் தைத்த கோட்டும், நீண்ட கால்சட்டையும், வெள்ளை வெளேரென்ற கழுத்துத் துணியுமாகத் தோன்றினார். நல்ல உடை என்பது தெருவில் போகிறவர்களைத் திரும்பிப் பார்க்க வைக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. இன்று உலகெங்கும் மந்திரிகளும் வங்கி முதலாளிகளும் மாப்பிள்ளைகளும் அணியும் கோட்டு சூட்டுக்கு அவரே மூலபுருஷர் என்று சொல்லலாம். ஆனால் இந்த எளிமைக்காக அவர் செலவிட்ட நேரம் எவ்வளவு தெரியுமா? கழுத்துத் துணியை முடிச்சிடுவதற்கே ஒரு காலைப்பொழுது போய்விடுமாம். கடைசியில் கடன் தொல்லை தாங்காமல் 1816-இல் பிரான்சுக்கு ஓடிப்போனார். 1840-இல் அங்கே ஓர் ஏழைப் பைத்தியக்கார விடுதியில் இறந்தார். ஆடம்பரத்தைத் துரத்தியவரை ஆடம்பரம் வேறு வாசல் வழியாக வந்து பிடித்துக்கொண்டது. எளிமையைக் கூட ஒரு பெருமையாக அணிந்துகொள்ள மனிதனால் முடியும்.

நம்மிடமும் கதை வேறு மாதிரி இல்லை. வேட்டியும் சட்டையும் நம்முடைய தொன்மையான உடை என்று பேசுகிறோம். வேட்டி தொன்மையானதுதான். சட்டை? கழுத்துப்பட்டையும் பொத்தானும் வைத்துத் தைத்த சட்டை, கப்பலேறி வந்த மோஸ்தர்களில் ஒன்று. அதை முதன்முதலில் அணிந்த பேரனைப் பார்த்து ஏதோ ஒரு பாட்டனார் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். குடுமியை எடுத்துக் 'கிராப்பு' வைத்துக்கொண்டபோது எத்தனை வீடுகளில் சாப்பாடு நின்றது! இன்று கிராப்புத் தலையோடும் சட்டையோடும் உட்கார்ந்துகொண்டு மரபைப் பற்றி உபதேசம் செய்கிற நாம் எல்லோரும், யாரோ ஒருவருடைய மரபை மீறியவர்களின் பேரப்பிள்ளைகள்தாம்.

அப்படியானால் நிலையானது என்று ஒன்றுமே இல்லையா? எல்லாம் வந்து போகும் அலைகள்தாமா? அப்படியும் சொல்வதற்கில்லை. நேற்றைய மோஸ்தர்களில் பெரும்பாலானவை போய்விட்டன. சில மட்டும் போகாமல் நின்றுவிட்டன. ஏன் நின்றன என்று பார்த்தால் உண்மை விளங்கும்.

வேட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசனானாலும் காட்டில் அலையும் வேட்டுவனானாலும் உடுத்துவது இரண்டு துணிதான் என்ற கருத்தைப் புறநானூற்றில் நக்கீரர் சொல்லியிருக்கிறார். இடுப்பில் ஒன்று, மேலே ஒன்று. இரண்டாயிரம் ஆண்டு வாக்கில் ஆகியும் வேட்டியும் துண்டுமாக அந்த இரண்டு துணிகள் நம்மிடையே இருக்கின்றன. யாருடைய ஆணையும் இல்லாமல் இருக்கின்றன. காரணம் மிகச் சாதாரணமானது. இந்த நாட்டு வெயிலுக்கும் வியர்வைக்கும் அது ஒத்துப் போகிறது. அதற்கு அளவு கிடையாது. ஒல்லியானவனும் கட்டலாம், தொந்தி விழுந்தவனும் கட்டலாம். தகப்பன் கட்டியதை மகனும் கட்டலாம். வயலில் இறங்கும்போது மடித்துக் கட்டலாம். பெரியவர்களைக் கண்டால் அவிழ்த்து விடலாம். தறியிலிருந்து இறங்கியபடியே உடுத்துவதால் வெட்டி வீணாகும் துணி ஓர் அங்குலம் இல்லை. புதிதாக இருக்கும்போது கல்யாணத்துக்குப் போகும், பழசானால் வீட்டோடு இருக்கும், இன்னும் பழசானால் கிழித்துத் தலை துவட்டலாம், தொட்டிலில் விரிக்கலாம், கடைசியில் அடுப்படியில் கரித்துணியாகி உழைத்து மடியும். ஒரு நல்ல மனிதனின் வாழ்க்கையைப் போலவே இருக்கிறது.

உடலுக்கு உதவுவது, ஊரைக் கூட்டிக் கூச்சலிடாமல் இருப்பது, பழசானாலும் மரியாதை இழக்காமல் இருப்பது - இந்த மூன்றும் எந்த உடையில் இருக்கின்றனவோ அது நின்றுவிடுகிறது. குளிர்நாட்டில் கம்பளிக் கோட்டுக்கும் இந்தத் தகுதிகள் உண்டு. அதனால்தான் அங்கே அது நிலைத்தது. ஆனால் அதே கோட்டையும் கழுத்துப் பட்டையையும் அக்கினி நட்சத்திர வெயிலில் சென்னைத் தெருவில் அணிந்துகொண்டு போகிறவன் மரபையும் கடைப்பிடிக்கவில்லை, மோஸ்தரையும் அனுபவிக்கவில்லை. வெறுமனே வியர்க்கிறான்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, 'ஆகவே மரபே உயர்ந்தது' என்று யாரும் அவசரமாகத் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். மரபின் அழகைப் பாடும்போது அதன் நிழலில் யார் நின்றார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும்.

தோளில் கிடக்கும் துண்டு எவ்வளவு கம்பீரமானது! ஆனால் அந்தத் துண்டைத் தோளில் போடும் உரிமை எல்லோருக்கும் இருந்ததா? மேல்சாதிக்காரர் எதிரே வந்தால் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும், அல்லது இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற கொடுமை நம் கிராமங்களில் நெடுங்காலம் இருந்தது. தென் திருவிதாங்கூரில் பெண்கள் தங்கள் மார்பை மறைத்துக்கொள்வதற்கே பல்லாண்டுக் காலம் போராட வேண்டியிருந்தது. 1859-இல்தான் மன்னர் அதற்கு இசைந்து அறிக்கை விட்டார். அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. 1930-இல் இராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிட மக்கள் மீது ஆதிக்கச் சாதியார் விதித்த எட்டுத் தடைகளில் சில இவை: ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, இடுப்புக்கு மேலே துணி ஏறக் கூடாது, சட்டையோ கோட்டோ பனியனோ போடக் கூடாது, கிராப்பு வைத்துக்கொள்ளக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது. இவற்றை விதித்தவர்களும் மரபின் பெயரால்தான் விதித்தார்கள்.

அந்த ஊரில் ஓர் இளைஞன் முதன்முதலாக ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தான் என்றால், அதை மோஸ்தர் மோகம் என்று சொல்ல நமக்கு வாய் வருமா? அவன் அணிந்தது சட்டையன்று. மனிதன் என்ற பெயர்.

இந்த இடத்தில் நம் நாட்டின் இரண்டு பெரிய மனிதர்கள் நினைவுக்கு வருகிறார்கள். ஒருவர் காந்தியடிகள். லண்டனில் மாணவராக இருந்தபோது அவர் மோஸ்தர் பைத்தியம் பிடித்து அலைந்ததைத் தம் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பாண்டு தெருவில் 10 பவுன் கொடுத்து ஒரு மாலை உடுப்பு. 19 ஷில்லிங்கில் ஓர் உயரமான தொப்பி. கழுத்துப் பட்டையைக் கட்டவும் தலை வாரவும் கண்ணாடி முன்னால் தினம் பத்து நிமிஷம். அந்த மனிதர்தாம் 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி நம்முடைய மதுரையில், சட்டையையும் குல்லாயையும் களைந்துவிட்டு, அரையில் ஒரு முழத்துண்டோடு வெளியே வந்தார். அந்நியத் துணியை விலக்கச் சொன்னால், கதர் வாங்க எங்களுக்குக் காசேது என்று கேட்ட ஏழைகளுக்கு அவர் சொன்ன பதில் அது. அக்டோபர் இறுதி வரைக்கும் என்றுதான் முதலில் அறிவித்தார். ஆனால் அந்த உடை அவருடைய ஆயுள் வரைக்கும் நிலைத்தது. 1931-இல் பக்கிங்காம் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைச் சந்தித்தபோதும் அதே முழத்துண்டும் ஒரு சால்வையும்தான்.

மற்றொருவர் டாக்டர் அம்பேத்கர். அவர் செய்தது இதற்கு நேர் எதிரானது. மடிப்புக் கலையாத மேல்நாட்டு உடையில், கழுத்துப் பட்டையோடு, பளபளக்கும் காலணியோடுதான் அவரைப் படங்களில் பார்க்கிறோம். 1927-இல் மகாட் நகரில் கூடிய தம் இனப் பெண்களிடம், தாழ்ந்த சாதி என்று பார்த்தவுடன் காட்டிக் கொடுக்கும் உடுத்தும் முறையை விட்டுவிட்டு, நன்றாக, சுத்தமாக, மற்றப் பெண்களைப் போலவே சேலை உடுத்துங்கள் என்று அவர் வற்புறுத்தினார். கந்தலே உன் விதி என்று சொல்லப்பட்டவனுக்குக் கந்தலை உதறுவதுதான் தர்மம்.

ஒருவர் சட்டையைக் கழற்றினார். ஒருவர் கோட்டை அணிந்தார். இருவரில் யார் சரி என்று கேட்பது, கண்ணீரும் மருந்தும் இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்பதைப் போன்றது. எல்லாம் உடையவர் ஒருவர் இல்லாதவரோடு நிற்பதற்காகக் குறைத்துக்கொண்டார். எல்லாம் மறுக்கப்பட்டவர் ஒருவர் மறுத்தவர்களுக்கு எதிரே நிமிர்ந்து நிற்பதற்காக நிறைத்துக்கொண்டார். இருவருமே கண்ணாடியைப் பார்த்து உடுத்தவில்லை. மனிதர்களைப் பார்த்து உடுத்தினார்கள். உடையின் நீதி துணியில் இல்லை. அதை யாருக்காக, எதற்காக அணிகிறோம் என்பதில் இருக்கிறது.

இதை மறந்துவிட்டால் மரபு, மோஸ்தர் இரண்டுமே கொடுமை செய்யும். 2014-ஆம் ஆண்டு ஜூலை மாதம், சென்னையில் ஒரு கிரிக்கெட் மன்றத்தில் நடந்த புத்தக வெளியீட்டு விழாவுக்கு வேட்டி கட்டிக்கொண்டு போன உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். வெள்ளைக்காரன் காலத்து உடை விதி, அவன் கப்பலேறி 67 ஆண்டுகள் ஆன பிறகும் வாசற்படியில் காவல் நின்றது! அந்த விதியைக் காத்து நின்றவர்களும் அதை 'மரபு' என்றுதான் சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள். அடுத்த மாதமே சட்டசபை ஒரு சட்டம் இயற்றியது. வேட்டி கட்டியவரைத் தடுக்கும் மன்றங்களுக்கு உரிமம் போகும். தடுத்தவர்களுக்கு ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் கிடைக்கும் என்று அது சொல்லுகிறது.

நல்ல சட்டம். வேட்டிக்குக் கதவைத் திறந்துவிட்டது. ஆனால் அந்த வேட்டிக்குள் இருக்கும் மனிதனுக்கு எந்தச் சட்டம் உத்தரவாதம் தரமுடியும்? 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்த காமராஜர் வேட்டியும் கதர்ச் சட்டையுமாகவே இருந்தார். அவரிடம் அது சொந்த எளிமையின் அடையாளம். பிறகு அந்த வெண்மையைப் பார்த்து மக்கள் கொடுத்த மரியாதை, வெண்மையை மட்டும் உடுத்திக்கொண்டால் கிடைத்துவிடும் என்று பலர் கண்டுகொண்டார்கள். இன்று கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையைத் தூரத்தில் கண்டாலே வரிசையில் நிற்கும் ஏழை ஒதுங்கி வழிவிடுகிறான். அவன் ஒதுங்குவது மதிப்பினாலா, பயத்தினாலா? எளிமைக்காகப் பிறந்த உடை அதிகாரத்தின் சீருடையாகிவிட்டால், அதைவிட முழங்காலில் கிழிந்த கால்சட்டை நாணயமானது. அது தன்னை இன்னதென்று மறைக்கவில்லை அல்லவா?

அந்தக் கிழிந்த கால்சட்டைக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. அமெரிக்காவில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரரும் லீவை ஸ்டிராஸ் என்ற ஜவுளி வியாபாரியும் 1873-இல் உரிமைப் பட்டயம் பெற்ற உடை அது. பாரம் சுமந்து பாடுபடுகிற தொழிலாளிகளின் சட்டைப்பை அடிக்கடி பிய்ந்துபோனதால், பிய்யும் இடங்களில் செப்பு ஆணிகள் அடித்தார்கள். கிழியக் கூடாது என்பதற்காகவே பிறந்த உடை அது! அதைத்தான் இன்று தொழிற்சாலையிலேயே கிழித்து, அதிக விலை வைத்து விற்கிறார்கள். உழைத்துக் கிழிந்தவனுக்கு அது வெட்கம். உழைக்காமல் கிழித்தவனுக்கு அது அலங்காரம். இளைஞர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அதைவிட முக்கியமாக யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. மாறுவது குற்றமில்லை. மாற்றத்தின் வேகந்தான் இன்று குற்றமாகிவிட்டது. முன்பு ஒரு மோஸ்தர் வந்து போவதற்குப் பத்து ஆண்டுகளாவது ஆகும். இன்று ஒரு பருவம் நிலைப்பதில்லை. பத்து முறை அணிவதற்குள் 'பழசு' என்ற பட்டம் வந்துவிடுகிறது. துணி கிழியவில்லை, நிறம் மங்கவில்லை, பார்ப்பவர்களின் கண் மட்டும் மங்கிவிட்டது. இந்த அவசரத்துக்கு விலை கொடுப்பவர் யார்?

திருப்பூர் பனியனைப் பற்றி நமக்கெல்லாம் பெருமை உண்டு. அந்தப் பனியன்களுக்கு நிறமேற்றிய சாயக் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயத் தண்ணீரைத் தேக்கி வைக்கும் தொட்டியாக மாறி, சுற்றிலும் இருந்த விவசாயிகளின் கிணறுகளையும் நிலங்களையும் பாழாக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூடச் சொல்லி உத்தரவிட வேண்டிய நிலைமை வந்தது. ஆலை மூடினால் தொழிலாளிக்குச் சோறில்லை. திறந்தால் விவசாயிக்குத் தண்ணீரில்லை. வங்காள தேசத்தில் டாக்கா நகருக்கு அருகே 2013 ஏப்ரல் 24-ஆம் தேதி ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து விழுந்தது. 1,100-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். முதல் நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தும், வெளிநாட்டுக் கடைகளுக்கு உடுப்புத் தைக்கும் வேலை நின்றுவிடக் கூடாது என்று அவர்களை உள்ளே அனுப்பியிருந்தார்கள். எங்கோ ஒருவனுக்கு இந்தப் பருவத்துச் சட்டை இந்தப் பருவத்துக்குள் போய்ச் சேர வேண்டுமே!

பழைய காலத்து நெசவாளி, தன் துணியைக் கட்டப்போகிறவன் யாரென்று ஓரளவு அறிந்திருந்தான். கட்டுகிறவனும் அந்தத் தறிச் சத்தத்தைக் கேட்டிருந்தான். இன்று தைத்தவள் முகம் நமக்குத் தெரியாது. நம் முகம் அவளுக்குத் தெரியாது. தெரியாத காரணத்தினாலேயே நம் பொறுப்பு குறைந்துவிடுமா? அலமாரி நிறையத் துணி இருக்கும்போது இன்னொன்று வாங்குகிறவன், கடைக்காரருக்குப் பணம் கொடுத்துவிட்டதால் கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கிறான். அந்தக் கணக்கில் ஓர் ஆறும் சில உயிர்களும் பாக்கி நிற்கின்றன.

ஆகவே, ஜவுளிக்கடையில் சண்டையிட்டுக்கொள்ளும் தகப்பனாருக்கும் மகனுக்கும் சொல்லத் தோன்றுவது இதுதான். ஐயா பெரியவரே, உங்கள் வேட்டியை உங்கள் மகன் மீது ஒரு கட்டளையாகச் சுற்றாதீர்கள். ஒட்டுப் பட்டை வைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு அவன் கல்யாணப் பந்தலில் நிற்கிறானே என்று சிரிக்கவும் வேண்டாம். வேட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தனக்குத் தெரிந்த வழியில் மாறுகிறது. நீங்கள் காட்டவேண்டியது வேட்டியை அல்ல. ஒரு துணியைப் பத்து வருஷம் மதித்து உடுத்தும் குணத்தை. தம்பி, நீயும் உன் விருப்பப்படி உடுத்து. இளமைக்கு ஒரு நிறம் கூடத்தான் வேண்டும். ஆனால் வாங்குவதற்கு முன்னால் மூன்று கேள்விகளை உன்னையே கேட்டுக்கொள். இது என் உடம்புக்கும் வேலைக்கும் உதவுமா? அடுத்த தீபாவளியிலும் இதை உடுத்த நான் கூச்சப்படாமல் இருப்பேனா? இதை உடுத்திக்கொண்டு என்னைவிட ஏழையின் பக்கத்தில் போய் நின்றால், அவன் என்னை நெருங்குவானா, விலகுவானா?

மூன்றாவது கேள்விக்கு மட்டும் கண்ணாடி விடை சொல்லாது. கடையை விட்டு வெளியே வந்து, தெருவில் நடந்துதான் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.